வரைந்தால் விழும், விழுந்தால் புரியுமா?

போன் திரையில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அது பலகையாகிறது. வட்டம் போட்டால் உருளுகிறது. பெட்டி வரைந்தால் பொத்தென்று விழுகிறது. ஒரு பந்தை எப்படியாவது இலக்கில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். படம் வரைந்தே இயற்பியல் கற்கலாம் என்று சொல்லிக்கொண்டு வரும் இந்தப் புதிர் விளையாட்டுகளைத் திருத்தணி பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளிடமும் பார்க்கலாம், பொதட்டூர்பேட்டையில் தறி ஓடும் வீட்டுத் திண்ணையிலும் பார்க்கலாம். துப்பாக்கி எடுத்துச் சுடுகிற விளையாட்டுக்கு இது எவ்வளவோ தேவலாம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். தேவலாம்தான், மறுக்கவில்லை. ஆனால் தேவலாம் என்பது ஒன்று, கற்றுத்தருகிறது என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லித்தான் இவற்றில் பல வீட்டுக்குள் வருகின்றன. எனவே அந்த உரிமைகோரலை நிறுத்துப் பார்க்க வேண்டியது நம் கடமை.

இந்த வகைக்கு ஒரு மரியாதையான பூர்விகம் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிறிஸ்டீன் அல்வரடோவும் ராண்டல் டேவிஸும், பொறியாளர் கையால் கிறுக்கும் படத்தைக் கணினி புரிந்துகொண்டு இயக்கிக் காட்டும் ஒரு கருவியைச் செய்தார்கள். குழந்தைகளை மனத்தில் வைத்து அதைச் செய்யவில்லை. அந்த எண்ணத்தைக் குழந்தையின் மெழுகுப் பென்சிலுக்குக் கொண்டுவந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த பெட்ரி புர்ஹோ. 2007-இல் ஒரு வாரத்துக்குள் அவர் செய்த முன்மாதிரிதான் க்ரேயான் ஃபிசிக்ஸ். அதன் விரிந்த வடிவம் 2008-இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவில் முதற்பரிசு பெற்று, 2009 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. அதே 2008-இல் ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் என்ற மாணவர் தன் முதுநிலை ஆய்வேட்டுக்காக ஃபன் என்ற மென்பொருளை எழுதினார். அதுவே பின்னால் அல்கோடூ ஆயிற்று. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலரி ஷூட்டின் குழு ஃபிசிக்ஸ் ப்ளேகிரவுண்டை உருவாக்கியது. பச்சைப் பந்து சிவப்பு பலூனைத் தொட வேண்டும். சாய்தளம், நெம்புகோல், ஊசல், துள்ளுபலகை ஆகியவற்றை வரைந்து அதைச் சாதிக்க வேண்டும். பிறகு ப்ரெய்ன் இட் ஆன் வந்தது. 2018-இல் லவ் பால்ஸ், ஹேப்பி கிளாஸ் என விளம்பரத்தில் பிழைக்கும் ஒரு பெருங்கூட்டம் வந்தது. நம் பிள்ளைகள் போனில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கூட்டம்தான்.

எதை வைத்து இவற்றை அளப்பது? பிள்ளை ரசிக்கிறதா என்பது அளவுகோல் ஆகாது, மிட்டாயையும்தான் ரசிக்கிறது. லெவல் தாண்டுகிறதா என்பதும் ஆகாது. என் அளவுகோலை ஆண்ட்ரியா டிசெஸ்ஸா 1982-இல் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து எடுக்கிறேன். அவர் பயன்படுத்திய கணினி விளையாட்டில் ஓர் ஆமையை உதைத்து இலக்கில் மோத வைக்க வேண்டும். ஆமை மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அதை வலப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நேராக வலப்பக்கம் ஓர் உதை கொடுப்பார்கள். உதைத்த திசையில்தான் பொருள் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆமையோ சாய்வாகப் போகும், ஏனெனில் முன்பிருந்த வேகம் அப்படியே இருக்கிறது. இலக்கு தவறும். மறுபடி உதைப்பார்கள், மறுபடி தவறும். பழைய வேகத்தைக் கணக்கில் எடுக்காதவரை வெல்ல வழியே இல்லை. இந்த விளையாட்டில் தவறான எண்ணம் தோற்கிறது. இயற்பியல் கற்பிக்கும் விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. தவறான எண்ணத்தோடு ஒரு பிள்ளை லெவலை வென்றுவிட முடியும் என்றால் அந்த லெவல் எதையும் கற்பிக்கவில்லை. சில சமயம் தவறை இன்னும் உறுதிப்படுத்தி அனுப்புகிறது.

இந்த அளவுகோலோடு, ஏழாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஆடுவதை உட்கார்ந்து பார்த்தேன். கீழே ஒரு பந்து, மேலே ஒரு மேடையில் இலக்கு. ஒரு முக்கோணம் வரைந்தாள், அதன் மேல் குறுக்கே பலகை, பலகையின் ஒரு முனையில் பந்து. மறுமுனைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டியை வரைந்து விழவிட்டாள். பந்து லேசாகத் துள்ளியது. பெட்டியை அழித்துவிட்டுப் பெரிதாக வரைந்தாள். கொஞ்சம் உயரம் கூடியது. இன்னும் பெரிதாக வரைந்தாள். பந்து எகிறி இலக்கில் விழுந்தது.

"ஏம்மா, பெட்டியவே பெருசாக்கிட்டுப் போற?"

"பெருசா இருந்தாத்தான் சார் வெயிட்டு."

"பெட்டியப் பெருசாக்காம பந்த மேல அனுப்ப முடியாதா?"

"வேற எப்படி சார் முடியும்?"

நெம்புகோலின் முழு ரகசியமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நெம்புகோலில் கூட்டிக் குறைக்க இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று பாரம். இன்னொன்று தாங்கு புள்ளியிலிருந்து பாரம் இருக்கும் தூரம். கடப்பாரையால் கல் பெயர்ப்பவர் அதன் நுனியைப் பிடிக்கிறார், நடுவில் பிடிப்பதில்லை. பாரமும் தூரமும் சேர்ந்து தரும் இந்தத் திருப்பும் பலனுக்குப் பாடநூலில் திருப்புத்திறன் என்று பெயர். இந்தப் பெண் நெம்புகோலை வரைந்தாள், அது வேலையும் செய்தது, ஆனால் நெம்புகோல் எதற்கு இருக்கிறது என்பதை அவள் தொடவே இல்லை. தொட வேண்டிய தேவையை விளையாட்டு அவளுக்குக் கொடுக்கவில்லை. திரையில் பாரம் இலவசம். விரலை இன்னும் கொஞ்சம் இழுத்தால் பெட்டி பெரிதாகிவிடும். உலகத்தில் பாரமும் பலமும் இலவசமாகக் கிடைப்பதில்லை. மனிதனிடம் பலம் போதாமல்தான் நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஏற்றம் எல்லாம் பிறந்தன. பற்றாக்குறையை எடுத்துவிட்டால் எளிய எந்திரங்களுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. இந்த வகை விளையாட்டின் மையமான பலவீனம் இதுதான் என்பது என் வாதம். வரைவதுதான் இதன் அழகு. வரைவது செலவில்லாமல் இருப்பதுதான் இதன் ஓட்டை.

விளையாட்டுக்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஃபிசிக்ஸ் ப்ளேகிரவுண்டில் குறைவான பொருள்களை வரைந்து முடித்தால் தங்கப் பதக்கம். ப்ரெய்ன் இட் ஆனில் குறைவான உருவங்களுக்கு ஒரு நட்சத்திரம். ஆனால் எண்ணிக்கைதான் கட்டுப்படுகிறது, பருமன் கட்டுப்படவில்லை. ஒரே ஒரு பெட்டி, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், கல்வி என்ற பேச்சே எடுக்காத ஹேப்பி கிளாஸில் மை தீரும் கணக்கு உண்டு. அதிகம் வரைந்தால் நட்சத்திரம் குறையும். மலிவான விளையாட்டில் நல்ல விதி மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அங்கே அந்த மை கோட்டின் நீளத்தைத்தான் அளக்கிறது, பாரத்தையோ விசையையோ அல்ல. தண்ணீர் கிளாஸில் விழ ஒரு வளைவு போட்டால் போதும். அடுத்த லெவலுக்கு முன் ஒரு விளம்பரம் பார்த்தாக வேண்டும். பிள்ளை பெற்ற ஒரு சின்னத் திகைப்பும் அதில் கரைந்துபோகிறது.

இனி திரைக்குள் இருக்கும் உலகம் எவ்வளவு உண்மையானது என்று பார்க்கலாம். இந்த விளையாட்டுகள் பலவற்றின் அடியில் ஓடுவது எரின் கேட்டோ எழுதி இலவசமாகக் கொடுத்த பாக்ஸ்2டி என்ற, பொருள்களின் அசைவைக் கணக்கிடும் நிரல். அது நியூட்டனின் விதிகளுக்கு நாணயமாகவே நடக்கிறது. பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் ஒரே உயரத்தில் வரைந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொடும். கனமானது முதலில் விழும் என்று பெரியவர்களே நம்பும் நாட்டில் இது எவ்வளவு பெரிய பாடம்! அந்தப் பாடம் ஒவ்வொரு லெவலிலும் கண்முன் நடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் எந்த லெவலும் "எது முதலில் விழும், சொல்" என்று கேட்பதில்லை. கேட்காததால் பிள்ளையும் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கம், வரையப்படும் எல்லாப் பொருளுக்கும் வழக்கமாக ஒரே அடர்த்திதான். பரப்பு கூடினால் நிறை கூடும். ஆகவே திரையில் பெரியது என்றால் கனம் என்பது விதி. உலகத்தில் அப்படி இல்லை. ஒரு பஞ்சு மூட்டையையும் ஓர் இரும்புக் குண்டையும் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு அது தெரியும். அளவு வேறு, நிறை வேறு என்பதே ஆரம்ப இயற்பியலின் முதல் வேலைகளில் ஒன்று. அதைப் பிரிக்க வேண்டிய இடத்தில் இந்த விளையாட்டுகள் சேர்த்து ஒட்டிவிடுகின்றன. மேலும், முடியளவு மெல்லிய கோடும் இங்கே வளையாது, ஒடியாது. வேகமும் சந்தேகத்துக்கு உரியது. பாக்ஸ்2டி கணக்குப் போடுவது மீட்டரில். அசையும் பொருள்கள் 0.1 முதல் 10 மீட்டர் வரை இருந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும் என்று அதன் கையேடே சொல்கிறது. விளையாட்டைச் செய்பவர் இதை மறந்து திரைப் புள்ளியை மீட்டராக வைத்துவிட்டால், கைக்கடக்கமான பந்து கட்டடம் அளவு பொருளாகி, மெதுவாக மிதந்து இறங்கும். சில விளையாட்டுகளில் எல்லாமே தண்ணீருக்குள் நடப்பதுபோல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அல்கோடூ இங்கே தனித்து நிற்கிறது. அதில் வரைந்த பொருளைத் தொட்டு அடர்த்தியை மாற்றலாம், உராய்வை மாற்றலாம், துள்ளும் தன்மையை மாற்றலாம், ஈர்ப்பையே நிறுத்தலாம். விசையையும் வேகத்தையும் அம்புக்குறியாகக் காட்டச் சொல்லலாம், வரைபடம் எடுக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்ப்பதுதான் சோதனை என்றால், இந்தக் கூட்டத்தில் சோதனைக்கூடம் என்ற பெயருக்குத் தகுதியானது இது ஒன்றுதான். கணினியில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் இதற்கும் விலை உண்டு: புதிர் இல்லை. பிள்ளையைத் தனியாக விட்டால் நாலு கார் வரைந்து மோதவிட்டுவிட்டு எழுந்துபோய்விடும். கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பெண்ணிடமே திரும்புகிறேன். போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஓர் அடி ஸ்கேலைப் பென்சில் மேல் நிறுத்தச் சொன்னேன். ஒரு பக்கம் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். மறுபக்கம் ஒரே நாணயத்தை வைத்து ஸ்கேலைச் சமன் செய்யச் சொன்னேன். முதலில் இன்னொரு நாணயம் கேட்டாள். கிடையாது என்றேன். நாணயத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, பென்சிலிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் ஸ்கேல் நிற்பதைக் கண்டுபிடித்தாள். பிறகு போனை எடுத்து அதே லெவலைத் திறந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய சின்னப் பெட்டியையே வரைந்தாள். பலகையை மட்டும் பெட்டி விழும் பக்கமாக நீளமாக இழுத்தாள். பந்து மேலே போனது.

ஒரு பிள்ளையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது தெரியும். ஆனால் நடந்ததன் வரிசையைக் கவனிக்க வேண்டும். நாணயம் தீர்ந்துபோன இடத்தில் எண்ணம் பிறந்தது. விளையாட்டு அதைப் பிறப்பிக்கவில்லை. பிறந்த எண்ணத்தை உடனே ஓட்டிப் பார்க்க இடம் கொடுத்தது. அந்த இடத்தை ஸ்கேலாலும் நாணயத்தாலும் கொடுக்க முடியாது. பந்து எகிறுவதையும், பலகை சுழல்வதையும், பத்து விதமாக மாற்றி மாற்றிப் பார்ப்பதையும் திரைதான் இவ்வளவு சுளுவாகக் கொடுக்கிறது. ஷூட்டின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு முரணாக இல்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 4 மணி நேரம் ஆடியபின், சூத்திரம் இல்லாத படத் தேர்வில் முன்னைவிடச் சற்று மேம்பட்டார்கள். முன்னேற்றம் சிறியது, ஆனால் இருக்கிறது. ஒரே உத்தியை மறுபடி மறுபடி போட்டுத் தள்ளாமல் அந்தந்த எந்திரத்துக்காகவே லெவல்களை வடிவமைத்த, கல்வியாளர்கள் செய்த விளையாட்டில் கிடைத்த பலன் இது. லவ் பால்ஸுக்கு இதைக் கடன் கொடுக்க முடியாது.

திருத்தணிப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுகளில் ஒரு தனிச் சலுகை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதி இது. எல்லை மாறிய பிறகும் வீட்டு மொழி பலருக்கு மாறவில்லை. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், விளையாட்டில் ஆங்கிலம். கோட்டுக்கும் வட்டத்துக்கும் மொழி கிடையாது. படிக்கத் தடுமாறும் பிள்ளையும் வரைந்து காட்டிவிடுகிறது. "எனக்கு அறிவியல் வராது" என்று ஒதுங்கும் பிள்ளை போனில் ஒரு ஊசலைச் சரியாகத் தொங்கவிடும்போது அதன் முகத்தில் வரும் தெளிவை நான் மதிக்கிறேன். வகுப்பறையில் அதற்குக் கிடைக்காத ஒன்று அது. ஆனால் மொழி தேவைப்படாத அதே காரணத்தால் விளையாட்டில் சொல்லும் கிடைப்பதில்லை. விசை, உராய்வு, திருப்புத்திறன் என்ற சொற்கள் கைக்கு வராதவரை, ஒரு லெவலில் கண்டதை அடுத்த லெவலுக்கு எடுத்துப் போக முடியாது. தேர்வுத் தாளுக்கோ கிணற்றுக் கப்பிக்கோ எடுத்துப் போகவே முடியாது. படம் மொழியைத் தாண்டி உள்ளே அழைக்கிறது. உள்ளே வந்தபின் பேச ஆள் வேண்டும், அதுவும் பிள்ளைக்குப் புரியும் மொழியில்.

உடம்பும் வேண்டும். இந்த ஊரில் முருகன் சன்னதிக்கு 365 படிகள் ஏறியும் போகலாம், வண்டிகள் போகும் மலைப்பாதையில் நடந்தும் போகலாம். இரண்டும் சென்று சேரும் உயரம் ஒன்றே. படி குறுக்கு வழி, தொடை வலிக்கும். பாதை சுற்று வழி, மூச்சு நிதானமாக இருக்கும். உராய்வை ஒதுக்கிவிட்டால், தூரம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் விசை பாதியாகும் என்பதே சாய்தளத்தின் விதி. திருத்தணிப் பிள்ளை அதைக் காலால் பலமுறை கற்றிருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர் தண்டை முன்னும் பின்னும் நகர்த்தித் தோளில் சமன் செய்வது மேலே சொன்ன நாணயக் கணக்குதான். திரையில் சாய்வுப் பாதை வரைந்து பந்தை உருட்டும் எந்தப் பிள்ளைக்கும் இந்த வலியும் சமனும் கிடைக்காது. விசை என்பது கண்ணால் பார்க்கும் பொருள் அல்ல. தள்ளும்போதும் தூக்கும்போதும் உணரப்படுவது. கண்ணாடி மேல் நகரும் விரலுக்குச் சின்னப் பெட்டியும் பெரிய பெட்டியும் ஒரே கனம். இந்தக் குறையை எவ்வளவு நல்ல மென்பொருளாலும் தீர்க்க முடியாது.

"விளையாட்டை விளையாட்டாக விடுங்கள், அதிலுமா பாடம்?" என்று ஒரு கட்சி உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. க்ரேயான் ஃபிசிக்ஸை நான் விளையாட்டாகவே மிகவும் மதிக்கிறேன். ஒரு புதிருக்கு ஒரே விடை என்று பழகிய பிள்ளைக்கு, நூறு விதமாகத் தீர்க்கலாம் என்று காட்டுவது பெரிய கொடை. யானை வரைந்து அதைத் தள்ளிவிட்டு வென்றாலும் வெற்றிதான். ஆனால் அது கற்பனைக்குத் தரும் கொடை. இயற்பியல் என்ற பெயரில் அதற்கு மதிப்பெண் போட முடியாது. நூறு விதமாக வெல்லலாம் என்பதாலேயே தவறான எண்ணமும் அந்த நூறில் ஒன்றாக வென்றுவிடுகிறது. கல்வி என்று சொல்லி விற்காதவரை அதில் குற்றம் இல்லை. இதற்கு மாறாக, ப்ரெய்ன் இட் ஆனில் நேரத்துக்குள் முடிப்பதற்கு ஒரு நட்சத்திரம் வைத்திருப்பதை நான் ஏற்கவில்லை. என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டு வரையும் பிள்ளை அங்கே தண்டிக்கப்படுகிறது. கிறுக்கிக் கிறுக்கிப் பார்க்கும் பிள்ளைக்குப் பரிசு.

ஆக என் தீர்ப்பு இது. லவ் பால்ஸ், ஹேப்பி கிளாஸ் வகை இயற்பியல் கற்பிக்கவில்லை. பிள்ளை படிக்கிறது என்று நினைத்துக் கொடுக்க வேண்டாம். ப்ரெய்ன் இட் ஆன் பொழுதுபோக்கு, அவ்வளவே. க்ரேயான் ஃபிசிக்ஸ் ஆசையைத் தூண்டும், விதியைத் தராது. ஃபிசிக்ஸ் ப்ளேகிரவுண்டு எந்திரங்களின் நடத்தையை ஓரளவு பழக்குகிறது. கற்பிக்கிறது என்ற சொல்லுக்கு மிக அருகில் வரும் புதிர் அதுதான். அல்கோடூ ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் முதல் தரம், இல்லாவிட்டால் பொம்மை.

இந்த ஆசிரியர் என்ற நிபந்தனை நிறைவேற முடியாதது அல்ல. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான். இன்று தமிழ்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கைவேலைச் சோதனைகளுக்காக 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. ஏழாம் வகுப்பு அறிவியல் நூலில் விசையும் இயக்கமும் என்ற பாடம் இருக்கிறது, பாடநூல்களில் இணையச் செயல்பாட்டுக்கான பக்கங்களும் இருக்கின்றன. கணினி ஓர் அறையிலும் ஸ்கேலும் நாணயமும் இன்னோர் அறையிலும் கிடப்பதுதான் சிக்கல். இரண்டையும் ஒரே பாடவேளைக்குள் கொண்டுவர வேண்டும். முதலில் கையால் ஒரு சோதனை. பிறகு அல்கோடூவில் அதே அமைப்பை வரையச் சொல்ல வேண்டும். ஓட்டுவதற்கு முன் என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். தமிழில் வராவிட்டால் தெலுங்கில் சொல்லட்டும். அந்த ஒரு வரி எழுதப்படாமல் யாரும் ஓட்டும் பொத்தானைத் தொடக் கூடாது.

வீட்டில் போன் கொடுக்கும் பெற்றோருக்கும் இதே வேண்டுகோள்தான். பிள்ளை ஒரு லெவலை வென்றதும் பாராட்டுங்கள். பாராட்டிவிட்டு, "பெட்டியப் பெருசாக்காம இதையே செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்காருங்கள், ஓர் அடி ஸ்கேலும் மூன்று ஒரு ரூபாய் நாணயமும் கையில் இருக்கட்டும்.